மூக்கு இருக்கட்டும், கழுத்தைக் காட்டுங்கள்

தோல் மருத்துவரான எனக்கு இந்த வாரம் ஒரே ஒரு கடிதம்தான். மூன்று பக்கம் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் ஒரு வாசகி. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 28. சிங்கப்பூரில் அப்பா, அம்மா, தம்பியோடு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறார். அலுவலக வேலை. வரும் தையில் கல்யாணம். முகூர்த்தம் சிராங்கூன் சாலைக் கோயிலில், அன்று மாலையே விருந்து. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் பெரியம்மா, "பொண்ணு லட்சணம்தான், மூக்குதான் கொஞ்சம் சப்பை, முகமும் வட்டமா இருக்கு" என்று அடுக்களைப் பக்கம் சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. அன்று ராத்திரியே கைப்பேசியில் வீடியோ பார்த்து கான்டூர் (முகத்தில் நிழல் வரையும் மேக்கப்) போடக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். எட்டு மாதமாகக் காலை 5.30-க்கு எழுந்து, 50 நிமிடம் கண்ணாடி முன் உட்கார்ந்து, கன்னத்து எலும்புக்குக் கீழே, தாடையோரம், மூக்கின் இரு பக்கம், நெற்றியோரம் என்று நிழல் வரைகிறார். அலுவலகக் கழிவறையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சரிபார்க்கிறார். கீழே கோப்பிக்கடையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கப் போவதென்றால்கூட மூக்குக்கு மட்டுமாவது இரண்டு கோடு இழுத்துக்கொண்டுதான் மின்தூக்கிக்குப் போகிறார்.

இதற்கிடையில் தாடையோரம் பருக்கள். அதற்கென்று இணையத்தில் ஒரு 'பளிச்' கிரீம் வாங்கி மூன்று மாதமாகப் போடுகிறார். நாலே நாளில் பலன் தெரிந்ததாம். அப்புறம், அம்மாவுக்குத் தெரிந்த அழகுநிலையப் பெண் ஒருவர், வீட்டுக்கே வந்து மூக்கில் ஃபில்லர் ஊசி (தோலுக்கு அடியில் ஜெல்லைச் செலுத்தி மேடாக்குவது) போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கிளினிக்கில் கேட்பதில் பாதிப் பணம். 200 வெள்ளி முன்பணமும் கொடுத்தாயிற்று.

கேள்விகள் மூன்று. தினமும் கான்டூர் போட்டுத்தான் தோல் கெட்டுப்போனதா? தினமும் வரைவதற்குப் பதில் ஊசி போட்டு ஒரேயடியாக முடித்துவிடலாமா? மாப்பிள்ளை இதுவரை என்னை மேக்கப் இல்லாமல் பார்த்ததே இல்லை, நான் அவரை ஏமாற்றுகிறேனா?

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இன்னொரு விஷயமும் இருந்தது. கழுத்தின் பின்புறமும் நெற்றி ஓரங்களும் கறுத்துக் கிடக்கின்றன, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை, "அக்காவுக்குப் பொறக்கும்போதே கான்டூர் போட்டு அனுப்பிட்டாங்க" என்று தம்பி கிண்டல் செய்கிறான் என்று எழுதியிருக்கிறார். அதே பத்தியில், மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, கல்யாண டென்ஷனாக இருக்கும், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் வீட்டில் அந்தக் கவலை வேறு என்றும் இருக்கிறது.

கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், தங்கச்சி. ஆனால் உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்தது, நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கடைசிப் பத்திக்காகத்தான்.

வண்ணம் வில்லன் இல்லை

முதலில் கான்டூரைப் பற்றிய குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். ராத்திரி குளியலறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை நெற்றிக்கு மேலே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். கன்னத்து எலும்புக்குக் கீழே, உதட்டுக்குக் கீழே, தாடைக்கு அடியில் நிழல் விழும். அதே டார்ச்சைத் தாடைக்குக் கீழே கொண்டுபோனால் பேய்ப்பட முகம். மூக்கும் கன்னமும் ஓர் இழைகூட நகரவில்லை. வெளிச்சம்தான் இடம் மாறியது. வெளிச்சம் மேலிருந்து வரும் என்று எடுத்துக்கொண்டு, நிழலை வைத்து மேடு பள்ளத்தைக் கணக்குப் போடுவது நம் கண்ணின் பழக்கம். அந்த நிழலை முன்கூட்டியே வரைந்து வைப்பதுதான் கான்டூர். கறுப்பு உள்ளே போகும், வெளுப்பு முன்னே வரும், அவ்வளவுதான் சூத்திரம். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரிசைக்காரருக்கும் முகம் தெரிய வேண்டும் என்று கூத்துக் கலைஞர்கள் கண்ணையும் தாடையையும் எழுதியதும் இதே கணக்கில்தான்.

இந்தப் பவுடரிலும் கிரீமிலும் இருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகள், டால்க், மைக்கா, டைட்டானியம் டையாக்சைடு, மெழுகு, எண்ணெய். இவை தோலின் மேற்பரப்பில் இருந்துவிட்டு, கழுவினால் போய்விடும் சரக்கு. 'தினமும் போட்டால் தோல் செத்துவிடும்' என்பது பாட்டிமார் பயம். ராத்திரி கழுவாமல் படுப்பதும், மாதக்கணக்கில் கழுவாத பிரஷ்ஷும்தான் தொல்லை. உங்கள் பிரஷ்ஷை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் முகத்தில் நீங்கள் தடவுவது நிழல் மட்டும் அல்ல. வாரம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் அலசி, தலைகீழாகச் சாய்த்துக் காயவிடுங்கள். ஈரக் குளியலறையில் வைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது காயவே காயாது.

நான் மேக்கப் ஆர்டிஸ்ட் இல்லை. ஆனாலும் வருகிறவர்களின் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் ஒன்று தெரியும்: நம் நிறத்துக்காரர்களில் பலர் தவறான பேலட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். வெளிர் தோலுக்குச் செய்த பழுப்பு நம் கன்னத்தில் ஒன்று தெரியாது, இல்லாவிட்டால் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். டைட்டானியம் டையாக்சைடின் வெண்மை அடியில் நிற்பது அதற்கு ஒரு காரணம். ஃபென்ட்டி பியூட்டி 2017-இல் 40 நிறத்தில் பவுண்டேஷன் கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களும் கொஞ்சம் விழித்துக்கொண்டன. இப்போது தேடினால் கிடைக்கிறது. உங்கள் தோலைவிட இரண்டு படி கருமையான, மினுக்கம் இல்லாத பழுப்பு போதும். மினுமினுக்கும் பிரான்சர் நிழல் ஆகாது, அது வெயிலில் நின்ற முகம்போல் காட்டும். கருமையான தோலில் நிழலைவிட வெளிச்சம்தான் அதிகம் வேலை செய்யும்: கன்னத்து எலும்பின் மேலேயும் மூக்குத் தண்டிலும் ஒரு படி வெளுத்த கன்சீலரைக் கொஞ்சம் தொட்டு வைத்தாலே பாதி வேலை முடிந்தது. 50 நிமிடம் எதற்கு?

அந்த 30 சென்டிமீட்டர்

உங்கள் மூக்கைப் பற்றி ஒரு கேள்வி. அது சப்பை, அகலம் என்று எதில் பார்த்து முடிவு செய்தீர்கள்? கைப்பேசியில் என்றால் அந்தச் சாட்சி செல்லாது. செல்ஃபி எடுக்கும்போது கேமரா முகத்திலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. மூக்கு கேமராவுக்கு அருகில், காது தூரத்தில். அருகில் இருப்பது பெரிதாகத்தானே விழும்? இதை அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்தால், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது. தம்பியை நான்கைந்து அடி தள்ளி நிற்கவைத்து, கொஞ்சம் ஜூம் செய்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கிண்டலுக்குப் பரிகாரமாக அவன் இதையாவது செய்யட்டும்.

பெரியம்மா சொன்னதை நான் எப்படி மாற்ற முடியும்? ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒரு பெரியம்மா உண்டு. இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்றும் அவர்தான் சொல்வார்.

ஊசி: இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி

வேண்டாம். வீட்டில் வைத்து, மருத்துவர் அல்லாதவர் கையால், அதுவும் மூக்கில், வேண்டவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். மூக்குத் தண்டில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஃபில்லர் ஜெல் தவறுதலாகக் குழாய்க்குள் இறங்கினால் அது பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடலாம். அப்படிப் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. மூக்கு நுனித் தோலே கறுத்து அழுகிப்போன சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் உண்டு. இது அரிது என்பது உண்மை. ஆனால் ஃபில்லரால் பார்வை போன நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தால், மூக்கும் புருவ நடுவும் நெற்றியும்தான் முன்வரிசையில் நிற்கின்றன. பயிற்சி பெற்ற மருத்துவர் கையிலும் இது நடக்கலாம். வித்தியாசம் என்னவென்றால், ஊசி இறங்கிய இடம் வெளுக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், ஹையலூரானிக் அமில ஜெல்லைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்தைப் பக்கத்திலேயே வைத்திருப்பார். உங்கள் வீட்டுச் சோபாவில் அது இருக்காது. கொண்டுவரும் ஜெல் உண்மையில் என்ன ஜெல் என்பதும் தெரியாது.

சிங்கப்பூரில் ஃபில்லர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருத்துவச் சாதனம். அதைப் பதிவுபெற்ற மருத்துவர்தான் செலுத்த வேண்டும். அழகுநிலையச் சான்றிதழ் சுவரில் எத்தனை தொங்கினாலும் ஊசிக்கு அது உரிமம் ஆகாது. ஒருவர் மருத்துவரா என்பதைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டு இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்த 200 வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் போனால் போகட்டும், கண்ணுக்கு அது மலிவு. அம்மாவுக்குத் தெரிந்தவர், முகத்தை முறித்துக்கொள்ள முடியவில்லை என்றால் பழியை என் மேல் போடுங்கள்: "டாக்டர் கூடாதுன்னுட்டாங்க."

'ஒரேயடியாக முடித்துவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் சரியில்லை. ஹையலூரானிக் ஃபில்லர் நிரந்தரம் அல்ல, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைந்துவிடும். அப்புறம் மறுபடியும் ஊசி, மறுபடியும் பணம். கல்யாணமெல்லாம் முடிந்து, ஓராண்டு கழித்தும் மூக்கு உறுத்தினால், தகுந்த மருத்துவரிடம் உட்கார்ந்து பேசலாம், அது உங்கள் உரிமை. அழகுக்காகச் செய்வதற்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) பணம் எடுக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால்: போட்ட இடம் வெள்ளையாகவோ வலைப்பின்னல்போல் ஊதாவாகவோ மாறினாலும், தாங்க முடியாத வலி வந்தாலும், போட்டவருக்குப் போன் செய்து காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பார்வை மங்கினால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். அங்கே மணிக்கணக்கு செல்லாது, நிமிடக்கணக்குதான்.

நாலு நாளில் பளிச்சென்று ஆக்கும் கிரீம்

மேக்கப் போடுவதை நாம் 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பது ஆர்செனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். அந்தக் காலத்தில் முகத்தில் பூசிய வண்ணத்திலேயே நஞ்சு இருந்தது, சொல் மட்டும் நம்மிடம் மிஞ்சியது. உங்கள் குளியலறை அலமாரியில் இருக்கும் டப்பாவை நினைத்ததும் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது.

தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே நான்கு வாரம்வாக்கில் ஆகும். ஒழுங்கான கிரீம் எதுவும் நாலு நாளில் நிறத்தை மாற்றாது. மாற்றுகிறது என்றால் உள்ளே வீரியமான ஸ்டீராய்டு இருக்கலாம் என்பதுதான் என் முதல் சந்தேகம். இணையத்தில் விற்கும் இப்படிப்பட்ட கிரீம்களில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பாதரசம் ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இவை எதுவும் அழகுசாதனத்தில் இருக்கக் கூடாதவை. இங்கே அழகுசாதனத்தை விற்கும் நிறுவனம் ஆணையத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்பது 2008 முதல் உள்ள விதி. ஆனால் 'தெரிவித்தது' என்றால் 'ஆணையம் சோதித்து அங்கீகரித்தது' என்று பொருள் அல்ல, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவுக்கு அந்தக் குறைந்தபட்ச வாசலும் இல்லை.

ஸ்டீராய்டு முதலில் சிவப்பையும் கறுப்பையும் அமுக்கிக் காட்டும். பிறகு தோலை மெலிதாக்கும், பருவை அதுவே கிளப்பும். நிறுத்தினால் முகம் எரியும், சிவக்கும். உடனே 'அய்யோ, கிரீமை விட்டதால்தான்' என்று மறுபடி எடுப்பீர்கள். அந்தச் சுற்றில் மாட்டாதீர்கள். இன்றே நிறுத்துங்கள், டப்பாவைத் தூக்கிப்போடாமல் உறையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், மருத்துவரிடம் காட்ட வேண்டும். எரிச்சல் வந்தால் வாசனை சேர்க்காத ஈரப்பதக் கிரீம் மட்டும் போதும். பாதரசம் இருக்குமோ என்ற சந்தேகம் தீரும்வரை அம்மாவோ தம்பியோ அதைத் தொட வேண்டாம். கல்யாணம் முடிந்ததும் குழந்தை ஆசை வரும், சிறுநீரகத்துக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் பாதரசம் ஆகாது.

இப்போது கழுத்துக்கு வருவோம்

நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டும் வழக்கம் எனக்கில்லை. எனவே இதைச் சந்தேகம் என்றே வாசியுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் பின்னங்கழுத்தைத் தடவுங்கள். பிறகு முன்கையின் உள்பக்கத்தைத் தடவுங்கள். கழுத்து வெல்வெட் துணிபோல் மெத்தென்று, தடித்து, கோடு கோடாக மடிப்பு விழுந்திருக்கிறதா? அக்குளும் விரல் முட்டிகளும் அப்படியே இருக்கின்றனவா? சின்னச் சின்ன மருக்கள் தட்டுப்படுகின்றனவா? ஆமாம் என்றால் அது அழுக்கல்ல, சங்கிலி உரசியதும் அல்ல. அக்கான்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் பெயர். உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போகும்போது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். மிதமிஞ்சிய அந்த இன்சுலின் தோல் செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டுகிறது. தோல் தடிக்கிறது, தடித்த தோல் கறுப்பாகத் தெரிகிறது. இந்தியர்களிடம் இது முகத்திலும், முக்கியமாக நெற்றி ஓரங்களிலும் கன்ன ஓரங்களிலும் வரும். யோசித்துப் பாருங்கள், நீங்கள் காலையில் நிழல் வரையும் அதே இடங்கள். தம்பி விளையாட்டாகச் சொன்னது விளையாட்டாக இல்லாமலும் இருக்கலாம்.

இதோடு, தள்ளித் தள்ளி வரும் மாதவிலக்கையும் தாடையோரப் பருவையும் சேர்த்தால் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் சோதித்துவிட வேண்டும். பருவுக்குக் கான்டூரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். எண்ணெய்ப் பசையுள்ள கான்டூர் கிரீமால் பரு வரலாம்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் அது மூன்றாவது சந்தேக நபர். முதல் இரண்டு பேர் ஹார்மோனும் அந்த டப்பாவும். நெருக்கடியால் ஒரு மாதம் தள்ளிப்போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்யாணம் நிச்சயமாகும் முன்பும் உங்களுக்கு இப்படித்தானே இருந்தது? கடிதத்தில் 'முன்பிருந்தே' என்ற சொல்லை எழுதி அடித்திருக்கிறீர்கள், நான் பார்த்தேன்.

பயப்பட வேண்டாம். பிசிஓஎஸ் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் அம்மா 'பிள்ளை பிறக்காதா' என்று அழ ஆரம்பிப்பார். பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் குழந்தை பெறுகிறார்கள், சிலருக்கு மருந்தின் துணை தேவைப்படும், அவ்வளவுதான். சர்க்கரையும் இன்னும் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வரும் முன்பே தோல் தந்தி அடித்திருக்கிறது, அது உங்கள் அதிர்ஷ்டம்.

செய்ய வேண்டியது இதுதான். பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) குடும்ப மருத்துவரிடமோ போய், கழுத்தைக் காட்டி, மாதவிலக்குத் தேதிகளைச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, தைராய்டு ஆகிய ரத்தப் பரிசோதனைகள். தேவைப்பட்டால் ஹார்மோன் சோதனையும் ஸ்கேனும். 18 முதல் 39 வயது உள்ளவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியம் இணையத்தில் ஒரு நீரிழிவு அபாயக் கேள்விப் பட்டியல் வைத்திருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஆனால் அப்பாவுக்கும் சர்க்கரை இருக்கும்போது நீங்கள் நேரே ரத்தப் பரிசோதனைக்கே போகலாம். தோல் மருத்துவரையும் பார்க்க நினைத்தால், பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மாண்டலே ரோட்டில் உள்ள தேசிய தோல் நிலையத்துக்குப் போங்கள், மானியத்தோடு குறைந்த கட்டணம் கிடைக்கும். நேரே போனால் முழுக் கட்டணம்.

அந்தக் கறுப்புக்கு வெளியே பூசும் மருந்து பெரிதாக வேலை செய்யாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும், பீர்க்கங்கூட்டை உடனே விடுங்கள். எடை கூடுதலாக இருந்தால், உடல் எடையில் ஐந்து விழுக்காடு இறங்கினாலே மாதவிலக்கும் சர்க்கரையும் சீராகத் தொடங்குவதைப் பார்க்கலாம், கழுத்து மெல்ல மெல்லத் தெளியும். நம் ஆசிய உடம்புக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை. மூக்குக்குக் கோடு போட்டுக்கொண்டு வாங்கப் போகிறீர்களே அந்தத் தே ஓ, அதில் சர்க்கரை உண்டு. நாளையிலிருந்து சர்க்கரை போடாத 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள்.

மாப்பிள்ளையும் கண்ணாடியும்

ஏமாற்றுகிறேனா என்று கேட்டீர்கள். நான் தோல் மருத்துவர், கல்யாணத் தரகர் இல்லை. என் அபிப்பிராயத்தை மட்டும் சொல்கிறேன்: கன்னத்தில் பவுடர் பூசுவது மோசடி ஆகாது. அவர் பெண் பார்க்க வந்த அன்று தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று என்ன நிச்சயம்? ஒரு சனிக்கிழமை காலை பொங்கோல் நீர்வழியோரம் நடக்கக் கூப்பிடுங்கள். சன்ஸ்கிரீன் மட்டும் போட்டுக்கொண்டு போங்கள். வியர்த்து வழியும் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும். சர்க்கரைக்கும் அந்த நடை நல்லது. பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் அதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள், பெரியம்மா வழியாகப் போக வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது வேறு. காலையில் 50 நிமிடம், பிறகு கழிவறைக் கண்ணாடி, மின்தூக்கிக் கண்ணாடி. முகத்தில் ஒரு குறை இருக்கிறது என்ற நினைப்பே ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கிறது, வெளியே போவதையே தடுக்கிறது என்றால் அது மேக்கப் பிரச்சினை அல்ல, மனம் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தரும். ஒரு வாரம் கோப்பிக்கடைக்கு மட்டும் கோடு இழுக்காமல் போய்ப் பாருங்கள். முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான்காம், ஐந்தாம் நாளும் அதே மாதிரி அடித்துக்கொண்டால், ரத்தப் பரிசோதனைக்குப் பார்க்கும் அதே மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள், மனநல ஆலோசகரிடம் அனுப்பி வைப்பார். இந்த மனநிலையில் மூக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு, போட்ட பிறகும் நிம்மதி கிடைப்பதில்லை, குறை வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்துகொள்கிறது.

கல்யாண மேக்கப்புக்குச் சில சொற்கள். ஆர்டிஸ்ட்டிடம் ட்ரையல் கேளுங்கள், முகூர்த்தத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு. அவர் போடப்போகும் பவுண்டேஷனிலும் கான்டூர் கிரீமிலும் கொஞ்சம் வாங்கி, முழங்கை மடிப்பில் தினம் இருவேளை ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். பிரஷ்ஷும் ஸ்பாஞ்சும் உங்களுடையதாகவே இருக்கட்டும், முந்தைய மணப்பெண்ணின் உதட்டுப் புண்ணை நீங்கள் சீதனமாக வாங்க வேண்டாம். காலையில் கோயில் வெளிச்சத்துக்கு நிழல் லேசாக இருந்தால் போதும். மாலை மேடையில் விளக்கு எதிரே நின்று முகத்தைத் தட்டையாக்கும், அப்போது கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள். ஒட்டுப் பொட்டைத் தினமும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், சில பசைகளில் உள்ள ரசாயனம் அந்த இடத்தை வெள்ளையாக்கிவிடும், அந்த வெண்மை எளிதில் மறையாது. பரு விட்டுப்போன தழும்புக்கு இப்போதிருந்தே நிறமூட்டிய எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடுங்கள், அதிலுள்ள இரும்பு ஆக்சைடு சாதாரண வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும். நம் ஊர் மதிய வெயிலில் புற ஊதாக் குறியீடு சில நாட்களில் 11-ஐயும் தாண்டுகிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள், முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கிரீம் டப்பாவை மறக்காமல் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் தே ஓ கோசோங்கும் அன்று காலை கிடையாது.